ஓதிய தண்ணீரில் கரைத்தது

ஜார்ஜ் டவுன்,
வியாழக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு

மதிப்புக்குரிய அலாவுதீன் மச்சானுக்கு,

உங்கள் தம்பி ஷாருலின் மனைவி ஹுஸ்னா ஸலாம் சொல்லி எழுதுவது. பெர்த்தில் நீங்களும் லாத்தாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பேசியிருப்பேன். ஆனால் உங்கள் உம்மா, என் மாமி, இந்த ஆஸ்பத்திரியில் என் தோளோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் யாரிடம் வாய் திறந்தாலும் காதைக் கொடுக்கிறார்கள். மாமிக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் கான்டீனில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கூட வந்திருக்கும் பக்கத்து வீட்டு லைலா இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள்.

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸஹ்ரா நன்றாக இருக்கிறாள். பட்டர்வொர்த்தில் என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். ஓயாமல் தண்ணீர் கேட்கிறாளாம்.

நீங்கள் சொன்னபடிதான் செய்தோம் மச்சான். யாரோ தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று உங்கள் தம்பி குழாயைத் தொடுவதை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையையும் வீசிவிடுவார். பள்ளிவாசலில் ஓதி மாமி கொண்டுவரும் தண்ணீரை மட்டும் நம்பிக் குடித்தார். போன வாரம் நீங்கள், "அந்தத் தண்ணியிலயே கரைச்சுக் குடுங்க, உம்மா கையால குடுத்தா குடிப்பான்" என்றீர்கள். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. துஆவும் மருந்தும் ஒன்றாக உள்ளே போகும் என்று மாமிக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு மூன்று நாள் குடித்தார். கொஞ்சம் தூங்கவும் செய்தார். நேற்று காலை மாத்திரை சரியாகக் கரையவில்லை. கோப்பையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உம்மாவுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிரில் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழந்தைக்குப் பால் கலக்க விடவில்லை. குழாயைத் திறக்கப் போன என் கையைப் பிடித்துத் திருகினார். "ஒங்க ரெண்டு பேரையும் காப்பாத்துறேன் லா" என்று அழுதுகொண்டே திருகினார். அஸர் தொழுகை நேரத்துக்குள் ஸஹ்ரா அழக்கூடத் தெம்பில்லாமல் என் மடியில் துவண்டுவிட்டாள். ஜன்னல் வழியாக லைலாவைக் கூப்பிட்டேன். அவள் போலீஸைக் கூப்பிட்டாள்.

போலீஸ்தான் அவரை இங்கே கொண்டுவந்தது. டாக்டர் ரூபினி தமிழ்ப் பிள்ளை. பொறுமையாக விளக்கினார். தானாக இருக்கச் சம்மதிக்காதவரையும், அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று டாக்டர் கண்டால், உறவுக்காரர் கேட்டுக்கொண்டதன் பேரில் சட்டப்படி ஒரு மாதம் வரை வைத்து வைத்தியம் செய்யலாமாம். அதற்குமேல் என்றால் மறுபடி இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டுமாம். மனைவி என்பதால் கையெழுத்து நான் போட வேண்டும்.

பிறகு அவரை வைத்துக்கொண்டே டாக்டர் எங்களைக் கேட்டார்: "இவர் குடிச்ச தண்ணியில யாராவது ஏதாவது கலந்தீங்களா?" மாமி முந்திக்கொண்டு, "ஐயோ, இல்லவே இல்ல டாக்டர்" என்றார்கள். உங்கள் தம்பி மாமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயாவது சொல்லு, ஹுஸ்னா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டர் மறுபடி வருவார். மருந்து ஆரம்பிக்கப் போகிறார்கள். ஏற்கெனவே என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமலே ஊசி போட்டுவிட்டால்? மாமியோ, "நீ சொன்னா என்னைப் புடிச்சுக்கிட்டுப் போவாங்க, இல்லாட்டி அவனை வீட்டுக்கு அனுப்பிருவாங்க, ரெண்டுல எது வேணும் ஒனக்கு?" என்கிறார்கள். அந்த இரண்டாவதற்கு எனக்கும் பயம்தான். அவர் பிடித்த இடம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

ஆனாலும் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அவருக்கு நோய் இருக்கிறது, அதற்காக வைத்துக்கொள்ளட்டும். அவர் சொன்ன ஒரே உண்மையையும் நோய் என்று எழுதி உள்ளே வைக்க நான் உடந்தையாக இருக்க மாட்டேன்.

நீங்கள் இதைப் படித்தவுடன் மாமியைக் கூப்பிட்டு, "நான்தான் கரைச்சுக் குடுக்கச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

சற்று முன்னால் மூடி திறக்காத தண்ணீர் போத்தலை உங்கள் தம்பியிடம் நீட்டினேன். உதடெல்லாம் வெடித்திருக்கிறது. வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ குடி" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் கண் முன்னாலேயே திறந்து பாதி குடித்தேன். அதற்குப் பிறகும் வாங்கவில்லை.

என் கையால் அவர் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று துஆ செய்யுங்கள் மச்சான்.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
ஹுஸ்னா