நாம் இட்டுக்கட்டிய பேச்சியம்மாள்

ஏட்டி,

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் காற்றாலை மாதிரி ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்கள். நேற்று மாலை தெர்மாகோலை வெட்டிக் கொடுத்துவிட்டு குளூ கன்னைப் பிளக்கில் செருகினேன். பசை உருகத் தொடங்கியதும் அந்த வாடை வந்தது. பிளாஸ்டிக்கும் தீய்ந்த மெழுகும் கலந்தது போன்ற வாடை. உடனே அதைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் இந்த வாடைக்கு என் உடம்பு பயப்படுகிறது. ஏன் என்று அண்ணன் மகளுக்குச் சொன்னால் புரியாது. உனக்குப் புரியும்.

இஞ்சினியரிங் முதலாமாண்டு டிசைன் வகுப்பின் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேடம் ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்து, இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். "எதையும் செஞ்சு காட்ட வேண்டாம். வெளிய போய் ஒரு ஆளைப் பாருங்க. அவங்க வேலையில என்ன சிரமம்னு கேட்டு எழுதிட்டு வாங்க. அவ்வளவுதான்" என்றார்கள். பன்னிரண்டு வருடமும் புத்தகத்தில் இருந்ததை மனப்பாடம் செய்தே வந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நின்று, உங்களுக்கு என்ன சிரமம் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நீ என் பக்கத்தில் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கோவில்பட்டியில் ஆட்களை வைத்துத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவரின் மகள் என்று சொன்னார்கள். மணியாச்சியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற ரயில்வே கேங்மேன் மகளான எனக்கு, உன்னைப் போன்றவர்களுக்கெல்லாம் பயமே இருக்காது என்று அன்று தோன்றியது.

படிவத்தைக் கொடுக்கவேண்டிய திங்கட்கிழமை காலைவரை நாம் யாரையும் பார்க்கவில்லை. கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. யோசனையைச் சொன்னவள் நான்தான்.

"நாமளே எழுதிருவோம்ட்டி."

"பொய்யாவா?"

"பொய் என்ன பொய். இப்படி ஒரு பொம்பள எங்கனயாச்சும் இருக்கத்தானே செய்வா?"

அப்படிப் பிறந்தவள்தான் பேச்சியம்மாள். வயது ஐம்பத்திரண்டு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவருகிறவள். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். ஊர்ப் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் பேனா நின்றது.

"புதூர் பக்கம்னு போடு. அங்கன யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றேன். நாம் இருவருமே அதுவரை புதூர்ப் பக்கம் போனதில்லை.

அன்று வகுப்பில் மேடம் நம் படிவத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். "இதுதான் கவனிக்கிறதுங்கறது" என்றார்கள். நான் மேசையைப் பார்த்தபடி இருந்தேன். அடுத்து அவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வர்ற சனிக்கிழமை நானும் உங்க கூட வர்றேன். பேச்சியம்மாளைப் பார்த்துட்டு வருவோம்."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே பொய்யில் மாட்டிக்கொண்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்பா மணியாச்சி பிளாட்பாரத்தில் டீக்கடைக்காரர் வரைக்கும், "எம் மவ இஞ்சினியருக்குப் படிக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். அவர் அந்தப் பிளாட்பாரத்தில் தலை குனிந்து நடப்பதுபோலவே எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் புதூர் பஸ்ஸில் ஏறினோம். தண்ணீர் வண்டி தள்ளுகிற யாராவது ஒருத்தியைப் பிடித்து, சனிக்கிழமை மட்டும் பேச்சியம்மாளாக இருக்கச் சொல்வது என்பது என் திட்டம். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று கண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி இருபது அடி நடப்பதற்குள் செருப்புக்கு அடியில் மண் இன்னொரு செருப்பாக ஏறிக்கொண்டது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்குழாய் வரைக்கும் போனோம்.

"இங்கன பேச்சியம்மான்னு யாராச்சும் இருக்காவளா?" என்று கேட்டேன்.

"எந்தப் பேச்சியம்மா? செத்துப்போன பேச்சியம்மாவா, மருதைக்கு மக வீட்டுக்குப் போன பேச்சியம்மாவா?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்க, குழாயடியே சிரித்தது.

சிரிக்காமல் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தவர் முத்துலட்சுமியக்கா. அவர் தலையில் குடம் வைக்கச் சும்மாடு சுற்றியிருந்தது. பக்கத்திலேயே வீட்டு வாசலில் அவருடைய தள்ளுவண்டி சும்மா நின்றது. மழைக்கு வண்டிச் சக்கரத்தில் மண் ஒட்டுவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழ பேஞ்சா வண்டிய எவ எடுப்பா? தலையிலதான் சொமப்போம்."

நாம் இட்டுக்கட்டிய பிரச்சினை அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போனது. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. நீதான் கேட்டாய்: "அப்ப ஒங்களுக்கு எதுதாங்க்கா சிரமம்?" கேட்டுவிட்டுச் சும்மா நின்றாய். அக்கா குடத்தை நிறைத்து நகர்த்தி வைத்தார். நீ நகரவில்லை.

"குடத்தத் தூக்கும்போது வண்டி நவந்து ஓடிருது. ஒரு கையால வண்டியப் பிடிச்சிக்கிட்டு, ஒரு கையால குடத்தத் தூக்கணும். ஒருக்க குடம் கால்ல விழுந்துட்டு, இந்தா பாரு" என்று வலது காலை முன்னால் வைத்தார். பெருவிரலில் நகம் இல்லை.

அப்போதும் நான் விடவில்லை. சனிக்கிழமை எங்கள் மேடம் வரும்போது உங்கள் பெயர் பேச்சியம்மாள் என்று சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு எம் பேர மாத்துதிய? எம் பேருக்கு என்ன?"

அதை அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில், "நான் மேடத்துக்கிட்டச் சொல்லிரப் போறேன்" என்றாய். நான் கெஞ்சினேன். நீ மசியவில்லை. கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்: "ஒனக்கென்னட்டி, ஒங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்காவ. நீ படிக்காட்டாலும் ஒக்காந்து சாப்பிடலாம்."

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் பேசினாய். "எனக்கும் பயமாத்தாம்ட்டி இருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து காலையில எந்திரிச்சா வாந்திதான் வருது. ஆனா அந்த அக்காவ வேற பேரு சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது."

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குள் நீ முன்னால் போனாய். நான் உன் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "நாங்க எழுதினது பொய் மேடம். பேச்சியம்மான்னு யாரும் இல்ல" என்றாய். நாங்கள் என்றாய். யார் யோசனை என்று நீ சொல்லவில்லை, கடைசிவரை.

மேடம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதுக்கு மார்க் கிடையாது" என்றார்கள். பிறகு, "சரி, அங்க போனப்ப நிஜமா யாரைப் பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். நீ அக்காவின் கால் நகத்தைப் பற்றிச் சொன்னாய். மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகும் பயம் விட்டதா? அட்டையிலும் தெர்மாகோலிலும் மாதிரி செய்கிறேன் என்று குளூ கன்னில் விரலைச் சுட்டுக்கொண்டேன். வண்டி நகராமலிருக்க நாம் ஒட்டிக் கொண்டுபோன முதல் மரக்கட்டை, அக்கா வண்டியைச் சாய்த்ததுமே பிய்ந்துகொண்டு வந்தது. "என்னத்தட்டி ஒட்டிக் கொண்டாந்திருக்கிய?" என்று குழாயடி மறுபடியும் சிரித்தது. மூன்றாவது தடவை வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்து வாங்கிப் பொருத்தினோம். கைப்பிடியை இறக்கினால் கம்பி தரையில் ஊன்றிக்கொள்ளும். அன்று முத்துலட்சுமியக்கா இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கினார். வண்டி அசையவில்லை. அவர் நம்மைப் பாராட்டவெல்லாம் இல்லை. அடுத்த குடத்தைத் தூக்கினார், அதற்கடுத்ததையும். நீ என் கையை நசுக்கிவிட்டாய்.

பஸ்ஸில் சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் நினைத்தேன். மூன்றாம் வருடம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது உன் உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி ஏறியிருந்தது. உன் அம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் கேட்டாய்: "எனக்குப் பயமா இருக்குட்டி. ஒனக்கு?"

"எனக்கெல்லாம் ஒரு பயமும் இல்ல. நாலு நாள்ல எந்திரிச்சி வந்துருவ" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாய். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் உன் வீட்டிலிருந்து போன் வந்தது, நீ போய்விட்டாய் என்று.

எனக்கும் பயம்தான் என்று சொல்லாமல், பயந்து கிடந்த உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் தனியாகத்தான் விட்டேன். மன்னிப்பு இரண்டுக்குமாகக் கேட்கவேண்டியதாகிவிட்டது. இன்றுவரை நான் சுமந்துகொண்டிருப்பது இதைத்தான்.

போன மாதம் என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். பச்சைத் துணி உடுத்தி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏட்டி, பயமா இருக்கா ஒனக்கு?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்கிற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமாம்மா, ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "எனக்குந்தாம்ட்டி" என்று சொல்லி, ஸ்ட்ரெச்சரில் கொஞ்சம் நகர்ந்து படுத்து எனக்கு உட்கார இடம் விட்டாள்.