சரண்டர்

மார்ச் 3
படைவீரர்களின் தலைக்காய, மனநல மையத்துக்கு ஒதுக்கிய பணம் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. தணிக்கைக்கு வந்த கோப்பில் காரணம் ஒரே வரி: 'நோயாளிகள் வரவில்லை.' அதாவது தேவையில்லை. அதாவது அடுத்த வருடம் வெட்டிவிடலாம். வரவில்லையாமே! தலையில் அடிபட்டவன் ஒருவன் என் கூடப் பிறந்தவனே இருக்கிறான். அவன் ஏன் போகவில்லை?

மார்ச் 5
தம்பி மனைவி போன் செய்தாள். "அக்கா, பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரப் போனவரு வெறுங்கையோட வந்து நிக்கறாரு. எதுக்குப் போனேன்னு என்னையே கேக்கறாரு."

அவன் போன வண்டிக்கடியில் வெடி வெடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அடி தலைக்குள்ளே; வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதனால் ஊருக்கெல்லாம் அவன் நன்றாக இருக்கிறான். முகாமில் ஒரு பிரிவையே மேய்க்கிறவன், அங்கே இதை எப்படி மறைக்கிறானோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மார்ச் 8, ஞாயிறு
தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் மேலதிகாரி விடவில்லை. (எந்நேரமும் கொட்டாவி விடுவதால் எங்கள் பிரிவில் அவர் பெயரே கொட்டாவி.) அந்தக் கோப்பு என்னாயிற்று என்று போனில் கேட்டார். "மிச்சத்த மொத்தமா சரண்டர் பண்றதா எழுதியிருக்காங்க சார்" என்றேன். செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் அலுவலகத்தில் அதற்குச் சரண்டர் என்று பெயர். தினம் நூறு தடவை சொல்கிறோம்.

படுத்திருந்த தம்பி விருட்டென்று எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. "யாருக்கா சரண்டர்?"

விளக்கினேன். சிரித்தான். எவ்வளவு நாளாயிற்று அவன் சிரித்து! பிறகு சொன்னான்: "அங்க போகணும்னா கமாண்டர் கையெழுத்து போட்ட சீட்டு வேணும். சீட்டு கேட்ட அன்னிக்கே துப்பாக்கிய வாங்கி உள்ள வெச்சுடுவாங்க. துப்பாக்கியக் கழட்டிக் குடுக்கறதுக்கு எங்க பாஷையில என்னக்கா பேரு? எவன் வருவான்?"

அவர்கள் சரண்டர் ஆக மறுக்கிறார்கள். அதனால் பணம் சரண்டர் ஆகிறது. நாங்கள் அதற்கு 'தேவையில்லை' என்று எழுதுகிறோம்.

மார்ச் 9
கொட்டாவியிடம் சொன்னேன். யார் சொன்னது என்றார். என் தம்பி என்றேன். பாதியில் நின்றது கொட்டாவி. "அப்போ நீங்க இந்தக் கோப்பைத் தொடவே கூடாதும்மா. வீட்டுப் பேச்சு தணிக்கையில நிக்காது. படையில இருக்கறவங்க யாராவது எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்."

கோப்பு எதிர் மேசைக்காரரிடம் போய்விட்டது. நியாயம்தான். நியாயமா இருந்தா மட்டும் எரிச்சல் வராதா?

மார்ச் 13
எழுதித் தருகிறாயா என்று தம்பியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

"என்னைப் பைத்தியம்னு நானே எழுதிக் குடுக்கணுமா? என் பிரிவுப் பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்? உனக்கு உன் ரிப்போர்ட்டுதான் முக்கியம்!"

ரிப்போர்ட் எக்கேடு கெட்டா எனக்கென்னடா, பெத்த பொண்ணையே மறந்துட்டு வந்து நிக்கறியேடா என்று நானும் கத்திவிட்டேன். கதவோரம் அவன் மகள் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

சே.

மார்ச் 14
தம்பி போன் எடுக்கவில்லை.

மார்ச் 15
இன்றும் எடுக்கவில்லை. மனது ஒரு நிலையில் இல்லை. துணி மடித்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன். என் வாய்க்குப் பூட்டுதான் போட வேண்டும்.

மார்ச் 19
தம்பி மனைவி கூப்பிட்டாள். "அக்கா, இன்னிக்கு இவரு போய்ச் சீட்டு கேட்டுட்டாரு. துப்பாக்கிய வாங்கிட்டாங்க. இவர ஸ்டோர் வேலைக்கு மாத்திட்டாங்களாம், போர்வை எண்ணணுமாம்." அழுகிறாளா, சிரிக்கிறாளா தெரியவில்லை. பின்னால் அவன் குரல்: "நடந்தத எழுதிக் குடுத்தாச்சுன்னு அக்காகிட்ட சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

போனை வைத்துவிட்டு அழுதேன். அவனுக்கு நல்லது செய்தேனா, அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டேனா?

ஏப்ரல் 2
எதிர் மேசைக்காரர் அவன் எழுதியதை அப்படியே அறிக்கையில் சேர்த்துவிட்டார். சீட்டு எதற்கு என்று நிதிக்குழு கேட்டதாம். படைத் தரப்பில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். ஒதுக்கீட்டை வெட்டவில்லை. இனி சீட்டு வேண்டாம், யாரும் நேராகப் போகலாம்.

தம்பி இன்னும் போர்வைதான் எண்ணுகிறான்.

ஜூலை 6
அவனோடு மையத்துக்குப் போனேன். உட்கார இடமில்லை. பாதிப் பேர் அவன் பிரிவுப் பையன்கள். இடம் கொடுக்க எழுந்த ஒருவனைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான். நர்ஸ் அவனுக்குப் பதினேழாம் நம்பர் என்று சொன்னார். வெளியே காற்றாட நிற்கக் கிளம்பியவன் வாசலில் நின்று, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "டேய், என் நம்பர் பதினேழு. நான் மறந்துடுவேன். எவனாவது ஞாபகம் வெச்சுக்குங்கடா."

யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே பதினேழு என்று கூப்பிட்டார்கள். நாலைந்து பேர் ஒன்றாக எழுந்து வாசலைப் பார்த்துக் கத்தினார்கள்: "அண்ணே, உங்களத்தான்!"