வேலையில் சேராத குணம்

அக்கா,

இன்று காலை கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில், மில்லில் வேலை முடிந்த பெண்கள் சிலர் என்னைக் கடந்து போனார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, கூடவே எண்ணெய் வாசனை. நீங்கள் மில் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது என்பதை மூக்குதான் ஞாபகப்படுத்தியது.

நூல் சுற்றும் பகுதியில் நீங்கள் மூத்த தொழிலாளி. நான் குமாஸ்தா என்ற பெயரில் ஆபீசில் உலவிய சக்கரவர்த்தி. புதிதாக வந்தவளுக்கு இழை அறுந்துகொண்டே இருந்தால் மற்றவர்கள் வைவார்கள். நீங்களோ பக்கத்தில் நின்று, "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ருச்சாடி?" என்பீர்கள். அவள் கைநடுக்கம் நின்றுவிடும். இழை அறுவதும் நின்றுவிடும்.

மேஸ்திரி வேலை காலியானபோது கேட்டது நீங்கள். கிடைத்தது மீசைக்காரர் ஒருவருக்கு. அவர் தொண்டையைத் திறந்தால் யானைமலை எழுந்து நாலடி தள்ளிப் படுக்கும். மானேஜர் உங்களிடம் காரணம் சொன்னார்: "உனக்கு அதட்டத் தெரியாதேம்மா. நாலு பேரை அனுசரிச்சுப் போறது உன் சுபாவம். அதெல்லாம் வேலையில சேராது."

"சரிங்கய்யா" என்று திரும்பிவிட்டீர்கள். கோபம் எனக்குத்தான். வைகையையே குடித்து வற்றவைத்திருப்பேன். அது ஏற்கெனவே வற்றிக் கிடந்தது.

அடுத்த மாதமே மீசைக்காரர் ஒரு கர்ப்பிணியை அதட்ட, பெண்கள் அத்தனை பேரும் எழுந்துபோய் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கத்தக் கத்த இன்னும் வசதியாகச் சம்மணமிட்டார்கள். மானேஜர் என்னை உங்களிடம் தூது அனுப்பினார்.

"அக்கா, நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா எந்திரிச்சிருவாக."

"எந்திரிப்பாகதான். அது மேஸ்திரி வேலைல்ல தம்பி? அவரையே சொல்லச் சொல்லு."

"மானேஜர் ஒங்க நல்ல மனச நம்பித்தான்..."

"அத வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். வேலையில சேராதுன்னாகள்ல?"

கடைசியில் மானேஜரே முற்றத்துக்கு இறங்கி வந்தார். அந்தக் கர்ப்பிணிக்கு உட்கார ஒரு முக்காலி வந்த பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். இயந்திரங்கள் ஓடின. மேஸ்திரி வேலை மட்டும் உங்களுக்குக் கடைசிவரை வரவில்லை.

நீங்கள் வேலையை விட்ட அன்று மானேஜர் மாலை போட்டு, 'தாயுள்ளம்' என்று ஒரு யுகம் பேசினார். இரண்டு பேருக்கு அதற்குள் நரைத்துவிட்டது. 'மேஸ்திரி' என்ற சொல் மட்டும் அதில் வரவே இல்லை.

இப்போதும் ஆபீசில் யாராவது ஒருத்தியைப் பற்றி, "அவளுக்கு இயல்பாகவே நல்ல குணம்" என்று ஆரம்பித்தால், "அப்படியானால் எந்தப் பதவி கொடுக்கலாம்?" என்று கேட்கிறேன். பேச்சு உடனே வெயிலின் கொடுமைக்குத் திரும்பிவிடுகிறது. வெயிலைப் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் கேட்கிறேன்.