கேனில் ஊற்றிய தண்ணீர்

வியாழன், இரவு

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு லூபஸ், கிட்னியையும் தாக்கும் நோய் என்பதால், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மூத்திரம் முழுவதையும் கேனில் பிடித்துவரச் சொல்லியிருந்தார்கள். மில்லுக்குக் கேனைத் தூக்கிப் போக வெட்கப்பட்டு, அங்கே விட்டுப்போனதற்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் லேபில் கேனைப் பார்த்த பெண், "என்னக்கா, தண்ணி மாதிரி இருக்கு?" என்றாள்.

"பால்காரன் மட்டுந்தான் கலக்கணுமா? நான் கலந்தா ஆகாதாக்கும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கிட்னி கெட்டா வலிக்காதுக்கா. புரதம் எம்புட்டு ஒழுகுதுன்னு இதுலதான் தெரியும். விட்டுட்டுப் பிடிச்சா கம்மியாக் காட்டும். மருந்தைக் கூட்டாம இருந்துட்டா கிட்னி போயிரும்."

பக்கத்தில் ஒரு தளவாய்புரத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். இதே நோய்தான். டயாலிசிஸில் இருக்கிறாளாம். என்னைவிட இளையவள். ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த அவள் கையைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

இன்று லீவு போட்டு, காலையிலிருந்து மறுபடியும் ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்தேன். எவ்வளவு ஒழுகுகிறதோ, தெரிந்துவிடட்டும் என்றுதான் இருந்தேன்.

செத்த நேரம் முன்னால் வீட்டுக்காரர் வந்து, "ஏட்டி, அந்தக் கேன் நாறிக் கெடந்துச்சு. கழுவிக் கவுத்திருக்கேன்" என்றார்.

சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.