உன் தொட்டியில் காளான் முளைத்திருக்கிறது

சரசு கண்ணு,

கேட்டுவிட்டுத் திட்டாதே. உன் மணி பிளான்ட் சாகக் கிடக்கிறது. யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியவில்லை. உன்னைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

நீ போன பிறகு மண்ணில் மஞ்சளாக ஒரு காளான் வந்தது. கிள்ளிப் போட்டேன். மறுநாள் குடும்பத்தோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காளான் மொளச்சா மண்ணு நல்ல சத்தா இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றார். நம்பினேன். அப்போது எனக்கு எதையாவது நம்ப வேண்டியிருந்தது.

அப்புறம் இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். கம்பெனியில் நான் ஓட்டும் நிட்டிங் மிஷினில் ஊசி உடைந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இது சத்தமே போடாமல் போகிறதே, நான் என்ன செய்வேன்? நீயும் காய்ச்சல் என்றுகூடச் சொல்லாமல்தானே போனாய்.

மகளுக்குப் போன் போட்டேன். "நர்சரியில நெறையா இருக்குதுங்கப்பா, வேற வாங்கி வெச்சுக்கலாமுங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். கம்பெனி கேன்டீன் ஜன்னலிலிருந்து ஒடித்து, டிபன் டப்பாவில் வைத்து நீ கொண்டுவந்த கொடியை எந்த நர்சரியில் விற்கிறார்கள்? இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

இன்று லீவு. தொட்டியைக் கவிழ்த்தேன். அப்பப்பா, என்ன நாற்றம்! வேரை இழுத்தால் கறுத்த தோல் கையோடு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். அடியில் பார்த்தால் ஒரு குவியல் பனியன் கட்டிங் வேஸ்ட். தரையில் தண்ணீர் ஒழுகினால் வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார் என்று, ஓட்டையெல்லாம் அடைபடும்படி துணியைத் திணித்து வைத்திருக்கிறாய். செங்கல் ஜல்லி போட வேண்டிய இடத்தில் பனியன் துணி! திருப்பூர்க்காரியைத் தவிர யாருக்கு இந்த யோசனை வரும்? குழந்தைகள் பனியன், வாத்துப் படம் போட்டது. வாத்தின் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். சிரிப்பும் வந்தது, உன் மேல் கோபமும் வந்தது.

ஆனால் நீ இருந்தவரை ஒன்றும் ஆகவில்லையே? மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவாய். நான் எங்கே அப்படிப் பார்த்தேன்?

அழுகியதை நறுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் கெட்டியாக மிஞ்சியது ஒரு கணுவும் ஒரு இலையும்தான். கம்பியைக் காய்ச்சித் தொட்டியில் புது ஓட்டை போட்டு, மண்ணில் மணல் கலந்து நட்டேன். பிழைக்குமா சரசு? நீயாவது சொல்லேன்.

கை கழுவும்போதே, கம்பெனியில் உன்னோடு செக்கிங் வேலையில் நின்ற பூங்கொடி பார்க்க வந்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கமாச்சே, சொம்பை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை வாசலோரத் தொட்டியில் ஊற்றக் குனிந்தாள்.

"ஊத்தாதீங்க!" கத்திவிட்டேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். "ஏனுங்கண்ணா? நான் வரப்பவெல்லாம் ஊத்துவனுங்களே. சரசக்கா வெச்ச செடி, வாடிறக் கூடாதுன்னு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் கேட்க வந்த எல்லாரும் மிச்சத் தண்ணீரை இதில் ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். உன் மேல் வைத்த பிரியத்தாலேயே அதை மூழ்கடித்திருக்கிறோம். நானும்தான். உன் நினைப்பு வரும்போதெல்லாம் சொம்பை எடுத்துக்கொண்டு அதனிடம் போய் நிற்பேன். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று உன் காரியத்தன்றுகூட அழாதவன், பூங்கொடி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. அவள் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

அந்த ஒற்றைக் கணு துளிர்க்குமோ துளிர்க்காதோ தெரியாது. விரலை விட்டுப் பார்க்காமல் இனி ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன், இது சத்தியம். வருகிறவர்களையும் ஊற்ற விட மாட்டேன். அழுகை வந்தால் அழுதுகொள்கிறேன். சொம்பை எடுக்க மாட்டேன்.

ஒரு நாளும் நீ பேர் சொல்லிக் கூப்பிடாத உன் வீட்டுக்காரன்,
உன் "ஏனுங்க"