சமாதானம் வந்ததால் காலமானவர்

ஸ்காபரோ,
22.08.1994

அன்புள்ள மலர்,

நானும் என் தோள்பட்டையும் இங்கே ஒருவாறு சுகம். உமது சுகத்தையும் துர்க்காவின் பள்ளிக்கூடப் புதினங்களையும் விரிவாக எழுதும். போன கடிதம் ஒன்றரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஏழு பேர் குடியிருக்கும் இந்த நிலத்தடி பேஸ்மென்றில் அது ஒரு நாள் வாசிப்புக்கே காணாது.

பாதுகாப்புச் செயலாளர் பதவி விலகிய செய்தி உமக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கும். சனத்துக்கு யுத்தம் அலுத்துவிட்டது, தேர்தலில் அவருடைய ஆட்களைத் தோற்கடித்துவிட்டார்கள், மூன்றாம் நாள் அவர் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் மூன்று மாதத்தில் யுத்தத்தை முடிப்பேன் என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்த மனிதர். காவல் நிலையத்தில் என்னை இருபத்துமூன்று நாள் வைத்திருந்ததும் அவருடைய உத்தரவில்தான். நாள் தவறாமல் அவரைச் சபித்து வந்தேன். சாபம் பலித்த அன்று எனக்குத் தலை சுற்றியது.

காரணம் சொல்கிறேன். எங்கள் ஏழு பேரில் தங்கத்துரைக்கு மட்டும்தான் கனடாவின் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்திருக்கிறது. அவன் கேக் வாங்கி வந்தான். "வெட்டுங்கோடா, பெரிய தலை விழுந்திட்டுது" என்றான். வெட்டினோம். அவன் இரண்டு துண்டு தின்றான். அகதி வழக்கு விசாரணைக்குத் திகதி கிடைத்திருந்த நாங்கள் நான்கு பேரும் செத்த வீட்டில் இருப்பதுபோல் சுவரோடு இருந்தோம். எங்களில் வினோதன் தன் துண்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, உவர் இன்னும் ரெண்டு மாசம் இருந்திட்டுப் போயிருக்கலாம்."

என் விசாரணை ஒக்ரோபர் பதினான்கு. சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். அவருக்கு மொழிபெயர்ப்பவர் கஸ்பர் அண்ணை. ஸ்காபரோவில் பாதிப்பேருடைய அகதிக் கதையை எழுதியவர் அவர்தான். சட்டத்தரணி அம்மா நீண்ட நேரம் பேசினார். கஸ்பர் அண்ணை சுருக்கித் தந்தார்: "உங்கட நாடு திருந்துதாம். அவவுக்குச் சரியான கவலை."

நாடு திருந்தினால் எனக்கு அங்கே பயமில்லை. பயமில்லையென்றால் நான் அகதியில்லை. அகதியில்லையென்றால் நீரும் பிள்ளையும் இங்கே வருவதற்கு வழியே இல்லை. செயலாளர் மனம் மாறி இராஜினாமாவைத் திரும்பப் பெறவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். இதை எழுதுவது நான்தான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அன்புடன்,
குலசிங்கம்


வெள்ளவத்தை,
05.09.1994

அன்புள்ள துர்க்காவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். சிரிப்பதா என்று தெரியாமல் மூன்றாம் தரமும் வாசித்தேன்.

இங்கே கொழும்பில் பட்டாசு கொளுத்தினார்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் பெடியன் பையைத் திறக்கச் சொல்லிவிட்டு இப்போது 'தாங்ஸ்' என்கிறான். நேற்று ஒருவன் பையைத் திறக்கவே சொல்லவில்லை. நானாகத் திறந்து காட்டினேன், பழக்கதோஷம்.

துர்க்கா கணக்குப் பாடத்தில் இரண்டாவது பிள்ளை. வகுப்பில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டதற்குக் "கனடா" என்று சொல்லியிருக்கிறாள். பீட்சாப் பெட்டி மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். கனடாதான் நல்லாயிருக்கு என்கிறாள்.

உங்கள் வழக்கைப்பற்றி எனக்கு ஒன்றுதான் தெரியும். இருபத்துமூன்று நாள் உள்ளே இருந்தீர்கள். வெளியே வந்தபோது வலக்கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நம்பினால் நாங்கள் வருகிறோம். நம்பாவிட்டால் நீங்கள் வாருங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று நடந்தால் எனக்குப் போதும். மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கவேண்டும்.

போனில் இதையெல்லாம் பேச வேண்டாம். வீட்டுக்கார அம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, விளங்காத இடங்களைப் பிறகு என்னிடம் விசாரிக்கிறா.

என் தங்கச்சி இராஜேஸ்வரி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அவளுக்கு ஒரு இடத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

அன்புடன்,
மலர்


ஸ்காபரோ,
21.10.1994

அன்புள்ள மலர்,

முதலில் நல்ல செய்தி. வழக்கில் வென்றுவிட்டேன். மீதியைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது வாசியும். அதற்காகத்தான் தபாலில் போடாமல் ஊருக்கு வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் இருந்தேன். கஸ்பர் அண்ணை விடவில்லை. "உந்தத் தோள்பட்டை எல்லாரிட்டையும் இருக்கு, குலசிங்கம். பயம் எண்டுறது போன ஆளோட போட்டுது. இனி இழப்பைத்தான் காட்டலாம். திருப்பி அனுப்பவே மனம் வராத அளவுக்கு இழப்பு வேணும். ஆரும் செத்திருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"யோசியும்."

யோசித்தோம். என் அம்மா போனது சலரோகத்தில்; அதை அரசாங்கத்தின் தலையில் போட முடியாது. அப்பாவும் கட்டிலில் கிடந்துதான் போனார். துர்க்காவின் பெயரை அவர் எடுக்கமுன் நான் எழும்பிவிட்டேன். மிஞ்சியது நீர்.

ஆகவே, மலர், உம்முடைய தாயாரைப் பார்க்க யாழ்ப்பாணம் போன இடத்தில், ஜூன் பதினோராம் திகதி, குண்டுவீச்சில் நீர் காலமானீர். செயலாளர் பதவியில் இருக்கும்போதே அது நடந்திருக்க வேண்டும் என்பதில் கஸ்பர் அண்ணை கண்டிப்பாக இருந்தார். ஒகஸ்டுக்குப் பிறகு சாவதில் பிரயோசனம் இல்லையாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மரணச் சான்றிதழ் எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக இங்கே தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையில் மரண அறிவித்தல் போட்டு, அதை வெட்டிக் கொடுத்தோம். கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு உம்மை மட்டும் போட்டார்கள். பத்திரிகை ஸ்காபரோவைத் தாண்டாது என்று கஸ்பர் அண்ணை உறுதி சொன்னார். சட்டத்தரணி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்.

விசாரித்தவரும் ஒரு அம்மாதான். குண்டு விழுந்த நேரம், இடம், புகையின் நிறம் எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் அதைக் கேட்கவில்லை. "உங்கள் மனைவி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். அதற்கு விடை பாடமாக்கியிருக்கவில்லை. பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பா என்றேன். அதைச் சொன்னதும் அழுதுவிட்டேன். மலர், அது நடிப்பில்லை. கண் துடைக்க அவர் ரிசூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பத்து நிமிடத்தில் தீர்ப்பு.

பிள்ளையை இனிக் கூப்பிடலாம். உம்மைக் கூப்பிடுவதற்கும் கஸ்பர் அண்ணை வழி வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யலாம். இராஜேஸ்வரியின் பிறப்புச் சான்றிதழோடு நீர் வந்தால் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். "உம்மட மனிசியை நீர் இன்னொருக்காக் கட்டுறதில ஆருக்கு என்ன நட்டம்?" என்கிறார்.

கோபிக்காமல் பதில் எழுதும்.

குலசிங்கம்


வெள்ளவத்தை,
09.11.1994

துர்க்காவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே நான் செத்த செய்தி வந்துவிட்டது.

என்னோடு படிப்பித்த அன்ரனெற் ரீச்சரின் தம்பி உங்கள் பக்கம் ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறான். தங்கைக்கு அனுப்பிய சப்பாத்தை அந்தப் பத்திரிகையில் சுற்றி அனுப்பியிருக்கிறான். ரீச்சர் நீர்கொழும்பிலிருந்து பஸ் ஏறி, வெள்ளைச் சேலையோடு அழுதுகொண்டு வந்தா. கதவைத் திறந்தது நான். அப்படியே படியில் இருந்துவிட்டா.

"யோகமலர்?"

"ஓம், ரீச்சர். உள்ளுக்கு வாங்கோ."

"நீர் செத்திட்டீர் எண்டு போட்டிருக்கே."

"எங்க, காட்டுங்கோ பாப்பம்."

காட்டினா. பதினேழாம் பக்கம். வாசித்து முடித்த பிறகு அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பத்திரிகைக்காரனின் பிழை என்றேன். பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். மொத்தம் ஒன்பது பேர். வவுனியாவில் மாமா எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவையே செய்து முடித்துவிட்டார். நான் உயிரோடு இருப்பதாக ஆள் அனுப்பிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பத்திரிகை போகாது. அம்மா தப்பினா.

அறிவித்தலில் சில பிழைகள் இருக்கின்றன. நான் பிறந்தது சாவகச்சேரியில் இல்லை, கொடிகாமத்தில். இல்லத்தரசி என்று போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் படிப்பித்தேன். ஜூன் பதினொன்று சனிக்கிழமை. அன்று காலை துர்க்காவுக்குத் தலைமயிர் வெட்டினேன், பின்னேரம் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். அந்தத் திகதியோடு அது உங்களிடம்தான் இருக்கும். கஸ்பர் அண்ணையின் கண்ணில் பட முன் எரித்துவிடுங்கள்.

இராஜேஸ்வரியின் சான்றிதழைத் தரமாட்டேன். அவளுக்குப் பேசிய இடம் சரிவந்திருக்கிறது. அந்தப் பெயரில் நான் உங்களைக் கட்டினால் அவள் யாரைக் கட்டுவாள்? வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களையும் ஒரே கடிதத்தில் முடித்துவிடாதீர்கள்.

விசாரணைக்கு முன் ஐந்து கிழமை இருந்தது. ஏன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை?

யோகமலர்


ஸ்காபரோ,
03.05.1995

அன்புள்ள மலர்,

ஆறு மாதத்தில் இது என் ஐந்தாவது கடிதம். நீர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. போன் எடுத்தால் வீட்டுக்கார அம்மா, நீர் குளிக்கிறீர் என்கிறா. இவ்வளவு குளித்தால் தடிமன் பிடிக்கும்.

யுத்தம் திரும்பவும் தொடங்கிவிட்டது. பதவி விலகியவர், தான் முன்பே சொன்னதாகப் பேட்டி கொடுத்திருக்கிறார். தள்ளிப்போய்க்கொண்டிருந்த வினோதனின் விசாரணை போன செவ்வாய் நடந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவனுடைய வழக்கில் ஒருவரும் சாகவில்லை. ஒரு கீறல் காயம்கூட இல்லை. என் விசாரணை இந்த மாதம் நடந்திருந்தால் என் தோள்பட்டையே போதுமாயிருந்திருக்கும். அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

பிக்கரிங்கிலிருந்து ஒருவர் தன் மச்சாளுக்கு என்னைக் கேட்டு வந்தார். "தம்பி, ஒரு வருசம் முடியப்போகுது. பிள்ளைக்கும் ஒரு தாய் வேணுமெல்லோ" என்றார். தலையைக் குனிந்துகொண்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல மனிதன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டீர். வீட்டுக்கார அம்மா நிற்கும் போனில் அதை எப்படிக் கேட்பது என்று உமக்குச் சாக்குச் சொல்லலாம். ஆனால் கடிதம் எழுத நாள் இருந்தது. உண்மை இதுதான்: கேட்டிருந்தால் நீர் ஓம் என்றிருப்பீர் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

நீர் சொன்னால் நாளைக்கே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என்னைத் திருப்பி அனுப்புவார்கள். துர்க்காவின் விண்ணப்பமும் அதோடு போகும். சொல்லும், செய்கிறேன்.

குலசிங்கம்


வெள்ளவத்தை,
27.11.1995

துர்க்காவின் அப்பாவுக்கு,

போய் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு விசா கிடைத்துவிட்டது.

விசா நேர்முகத்துக்கு இராஜேஸ்வரியின் அடையாள அட்டையோடு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. கல்யாணம் முடிந்த பிறகும் அவள் அந்த அட்டையை மாற்றவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் தந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் நல்ல பிள்ளை. குனிந்து துர்க்காவிடம் கேட்டார்.

"அம்மா எங்க, பிள்ளை?"

"செத்துப்போனா."

"எப்ப?"

"ஜூன் பதினொண்டு. சனிக்கிழமை. குண்டு போட்டது."

ஒரு பிழையும் விடவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். "இவ ஆர்?" என்று கேட்டார். "சின்னம்மா" என்றாள். வெள்ளைக்காரத் துரை என்னைப் பார்த்து, பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

பஸ்ஸில் ஏறிய பிறகு, "இனி அம்மா எண்டு கூப்பிடலாம்" என்றேன். "வேண்டாம். பிறகு அங்க போய் மாறிச் சொல்லிப்போடுவன்" என்றாள். எட்டு வயது. அன்றிலிருந்து வீட்டிலும் சின்னம்மாதான்.

டிசெம்பர் பதினைந்து வருகிறாள். எல்லாத் துணியும் முழங்கை தெரிகிற துணி; நேரே விமான நிலையத்துக்குக் குளிர்ச்சட்டை கொண்டுவாருங்கள். அவளுக்குப் பால்மா ஒத்துக்கொள்ளாது. பாட்டம் பாட்டமாக இருமினால் பயப்பட வேண்டாம். கணக்கில் இப்போது முதலாம் பிள்ளை.

நீங்கள் எழுதியது சரி. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு கிழமை அழுதுவிட்டு, எந்தத் திகதி வசதி என்று நானே எழுதியிருப்பேன். கொடிகாமம் என்று சரியாகப் போட்டிருப்பேன். பிறகு எந்தப் பெயரிலாவது உங்களிடம் வந்தும் சேர்ந்திருப்பேன். நீங்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள். இனி நான் வரமாட்டேன். பிக்கரிங்காரருக்கு நல்ல பதில் சொல்லுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சின்னம்மாவுக்கு என்று போட்டால் எனக்குக் கிடைக்கும்.

யோகமலர்