கண்ணாடி பால்கனியில் ஒரே நாற்காலி

மே 6, செவ்வாய்

மேற்குப் பார்த்த கண்ணாடி பால்கனியை நான் உட்காரும் அறையாக்கிவிட்டேன். வெட்டிவேர்த் தட்டி கட்டி, ஒரே ஒரு சாய்வு நாற்காலி போட்டாயிற்று. “திருச்சி வெயிலுக்கு அங்க வத்தல்தான் காயும், மனுஷங்க உக்கார முடியாது” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். அதற்காகவே இன்று மத்தியானம் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தேன். முதுகெல்லாம் வியர்த்தது.

“எப்படி இருக்கு?” என்றார்.

“ஜில்லுன்னு இருக்குங்க.”

ஆறு மணிக்கு நிஜமாகவே ஆற்றுக் காற்று வந்தது. கையில் காபியோடு அவரும் வந்தார்.

“இன்னொரு நாற்காலி போடலாம்ல?”

ஹாலில் டிவி முன்னால் கிடக்கும் அவர் நாற்காலியில் முப்பது வருஷமாக நான் உட்கார்ந்ததில்லை.

“வத்தல் காயற இடமாச்சே, உங்களுக்கு எதுக்குங்க?” என்றேன்.

நின்றுகொண்டே குடித்தார்.